சப்போரோவில் ஒரு மார்மன் மிஷனரியின் வாரம் எப்படிப் போகிறது?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். அமெரிக்காவின் உட்டாவில் உங்கள் பக்கத்து வீட்டுப் பையன் 19 வயதில் மார்மன் சபையின் மிஷனரியாக இரண்டு ஆண்டு மத ஊழியத்துக்காக ஜப்பானின் சப்போரோவுக்குப் போயிருக்கிறான். சம்பளம் கிடையாது, ஊரை அவன் தேர்ந்தெடுக்கவில்லை, வீட்டாரோடு வாரம் ஒருமுறைதான் பேசுகிறான். 'ஒரு வாரம் முழுக்க அங்கே அவன் என்னதான் செய்வான், இது மூளைச்சலவை இல்லையா?' என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே கடைசி வரியில், ஞாயிறு மாலையானால் அவனுடைய அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பதையும், அவரிடம் என்ன பேசுவது என்று உங்களுக்குத் தெரியவில்லை என்பதையும் எழுதியிருக்கிறீர்கள். பிள்ளை அங்கே நன்றாக இருக்கிறானா என்பதே உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். அவன் பெயரை நீங்கள் குறிப்பிடாதது நல்லது. நான் அவனைப் பார்த்திருக்கவும் கூடும்.

சப்போரோவில் 16 ஆண்டுகளாக வசிக்கிறேன். வெளிநாட்டவருக்கு ஜப்பானிய மொழி கற்பிப்பது என் தொழில். சைவக் குடும்பத்தில் பிறந்தவள். அந்தச் சபையில் சேரும் எண்ணம் எனக்கு இல்லை என்பதை இங்குள்ள மிஷனரிகளிடமே முதல் நாள் சொல்லிவிட்டேன். எங்கள் அறிமுகம் பனியால் வந்தது. இந்த ஊரில் ஒரு குளிர்காலத்தில் ஏறத்தாழ 5 மீட்டர் பனி விழும். ஒரு ஜனவரிக் காலையில் என் கணவர் வெளியூர் போயிருந்தார். வாசலில் முழங்கால் உயரம் கிடந்த பனியைத் தள்ள முடியாமல் நின்றிருந்தேன். வெள்ளைச் சட்டையும் டையும் கறுப்புக் கோட்டுமாக இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். என் கையிலிருந்த வாரியை வாங்கி, முக்கால் மணி நேரம் வாரிக் கொட்டினார்கள். உள்ளே வந்து சூடாக ஏதாவது குடியுங்கள் என்றேன். வீட்டில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்கள். இல்லை என்றதும் வாசற்படியைத் தாண்டவில்லை. ஒரு பெண் தனியாக இருக்கும் வீட்டுக்குள் அவர்கள் போகக்கூடாது. தேநீரும் கூடாது, காப்பியும் கூடாது. வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து தேன் கலந்து கொடுத்தேன். கையுறையோடு கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே குடித்தார்கள். அதற்குப் பிறகு, அவர்கள் சபைக் கட்டடத்தில் வாரந்தோறும் இலவசமாக நடத்தும் ஆங்கில வகுப்புக்கு அவ்வப்போது உதவப் போகிறேன். அங்கே அவர்களுடைய ஜப்பானிய உச்சரிப்பையும் திருத்திக் கொடுப்பேன். இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ மிஷனரி ஜோடிகள் வந்து போய்விட்டார்கள்.

முதலில் அடிப்படைச் செய்திகள். மார்மன் என்று ஊரார் சொல்லும் சபையின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. ஜோசப் ஸ்மித் 1830-இல் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கியது, தலைமையகம் சால்ட் லேக் சிட்டியில். 2018 முதல் முழுப்பெயரையே பயன்படுத்தும்படி சபைத் தலைமை வற்புறுத்துகிறது. ஆகவே அந்த அம்மாவிடம் பேசும்போது 'மார்மன்' என்ற சொல்லைத் தவிர்ப்பது மரியாதை. உலகம் முழுவதும் 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மிஷனரிகள் இருக்கிறார்கள். ஆண்கள் இரண்டு ஆண்டு, பெண்கள் 18 மாதம். 2012 அக்டோபரில் வயது வரம்பை ஆண்களுக்கு 19-லிருந்து 18 ஆகவும், பெண்களுக்கு 21-லிருந்து 19 ஆகவும் குறைத்தார்கள். அதற்குப் பிறகு வருகிறவர்களின் முகங்கள் கண்கூடாக இளமையாகிவிட்டன, பள்ளிக்கூட வாசனை போகாத முகங்கள். சம்பளம் இல்லை என்பது உண்மை. இன்னும் சொன்னால், குடும்பமே மாதந்தோறும் ஒரு பொது நிதிக்குப் பணம் கட்டுகிறது. பல ஆண்டுகள் 400 டாலராக இருந்த தொகை 2020-இல் அமெரிக்கா போன்ற நாடுகளின் குடும்பங்களுக்கு 500 டாலராக உயர்ந்தது. டோக்கியோவுக்குப் போனாலும் கானாவுக்குப் போனாலும் அதே தொகைதான். அந்த நிதியிலிருந்து வாடகையும், சாப்பாட்டுக்கும் பயணத்துக்குமான சிறு படியும் வருகின்றன. ஜப்பானுக்கு வருகிறவர்கள் உட்டாவின் புரோவோவில் உள்ள பயிற்சி மையத்தில் ஏறத்தாழ ஒன்பது வாரம் மொழி படித்துவிட்டு வருகிறார்கள்.

மொழி ஆசிரியையாக எனக்கு அந்த ஒன்பது வாரப் படிப்பைக் கண்டால் வியப்பும் இரக்கமும் ஒருசேர வரும். முதலில் அவர்கள் கற்பது ஜெபமும் சாட்சி சொல்வதும். ஆகவே மரியாதை விகுதிகள் பிசகாமல் கடவுளோடு பேசுவார்கள், கடையில் கத்தரிக்காயின் பெயர் தெரியாமல் விரலால் காட்டுவார்கள். சட்டைப்பையில் தொங்கும் கறுப்புப் பெயர்ப்பட்டையில் குடும்பப் பெயரோடு 'சோரோ' என்று எழுதியிருக்கும். நம் தேவாலயங்களில் 'மூப்பர்' என்கிறார்களே, அதே பொருள். மீசை முளைக்காத பையனை மூப்பரே என்று எழுபது வயதுப் பாட்டிமார் அழைப்பதை முதல்முறை கேட்டபோது எனக்கு விசித்திரமாக இருந்தது. இப்போது பழகிவிட்டது.

நாளின் சட்டகம் எல்லா நாட்டிலும் கிட்டத்தட்ட ஒன்று. காலை 6.30-க்கு எழுந்திருக்க வேண்டும். ஜெபம், அரை மணி உடற்பயிற்சி, குளியல், காலையுணவு. பிறகு தனியாக வேத வாசிப்பு, துணையோடு, அதாவது ஜோடியாக இருக்கும் மற்ற மிஷனரியோடு, சேர்ந்து படிப்பு, மொழிப் படிப்பு. வெளியே கிளம்பும்போது 10 அல்லது 11 மணி ஆகிவிடும். இரவு 9 மணி அளவில் அறைக்குத் திரும்பி மறுநாளுக்குத் திட்டம் எழுதி, 10.30-க்கு விளக்கை அணைக்க வேண்டும். தொலைக்காட்சி, சினிமா, காதல் மூன்றும் கிடையாது. 2017-இல் நேர அட்டவணையைக் கொஞ்சம் தளர்த்தினார்கள், ஆனால் எழும் நேரத்தையும் படுக்கும் நேரத்தையும் கடைப்பிடிப்பதில் நான் பார்த்த பிள்ளைகள் மிகவும் கண்டிப்பாகவே இருக்கிறார்கள்.

வாரம் அவர்களுக்குத் திங்களன்று தொடங்குகிறது. அது 'ஆயத்த நாள்'. துணி துவைப்பது, அறையைக் கூட்டுவது, முடி வெட்டிக்கொள்வது, ஒரு வாரத்துக்கான அரிசியும் முட்டையும் வாங்குவது எல்லாம் அன்றைக்கு. குளிர்காலத்தில் வெளியே துணி காயாது. ஹீட்டருக்கு மேலே கயிறு கட்டி ஐந்து வெள்ளைச் சட்டைகளை வரிசையாகத் தொங்கவிட்டிருப்பதைத் தெருவிலிருந்தே பார்க்கலாம். அந்த ஜன்னலை வைத்துத்தான் மிஷனரிகள் குடியிருக்கும் வீட்டை எங்கள் தெருவில் அடையாளம் சொல்வார்கள். வீட்டாரோடு பேசுவதும் அன்றுதான். 2019 பிப்ரவரி வரை கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டுமே பேச அனுமதி, மற்ற வாரங்களில் மின்னஞ்சல் மட்டும். இப்போது வாரந்தோறும் வீடியோவில் பேசலாம். சப்போரோவில் திங்கள் காலை 9 மணி என்றால் உட்டாவில் ஞாயிறு மாலை 5 அல்லது 6 மணி. அந்த அம்மா காத்திருக்கும் நேரத்தின் கணக்கு இதுதான். மாலை 6 மணிக்கு விடுமுறை முடிந்துவிடும். சட்டையும் டையும் மாட்டிக்கொண்டு மறுபடி தெருவுக்கு வந்துவிடுவார்கள்.

செவ்வாயோ புதனோ அருகிலுள்ள நான்கைந்து ஜோடிகள் கூடும் கூட்டம் இருக்கும். ஒருவர் வீட்டுக்காரராக நடிக்க, மற்றவர் பாடம் சொல்லிப் பழகுவார். வாரத்தில் ஒருநாள் ஆங்கில வகுப்பு. மீதி நேரமெல்லாம் ஆளைத் தேடுவது. இந்தத் தேடலைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஜப்பானில் அந்தப் பிள்ளைகளின் வாரத்தில் பெரும்பகுதி இதிலேயே கழிகிறது. அடுக்குமாடி வாசலில் நின்று பொத்தானை அழுத்துவார்கள். கேமராவில் இரண்டு டைகளைப் பார்த்தவுடன் சில வீடுகளில் பதிலே வராது. பதில் வந்தால் பெரும்பாலும் 'கெக்கோ தெஸ்' என்பார்கள். அதன் நேர்ப்பொருள் 'நன்றாக இருக்கிறது'. குறிப்பால் உணர்த்துவது 'வேண்டாம், போய் வாருங்கள்'. புதிதாக வந்த ஒரு பையன் இதை சம்மதம் என்று எண்ணிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பத்து நிமிடம் கதவு திறக்கக் காத்திருந்தான். மறு வாரம் வகுப்பில் என்னிடம் அதன் பொருளைக் கேட்டான். சொன்னேன். முகம் சிவந்து, 'அப்படியென்றால் நேற்று மட்டும் இருபது பேர் மறுத்திருக்கிறார்கள்' என்றான். நாம் 'அப்புறம் பார்க்கலாம்' என்று சொல்லி அனுப்புவதில்லையா, அதுபோலத்தான். இல்லை என்ற சொல்லே வராது. சரியாக மறுக்கப்பட்டிருக்கிறோம் என்று புரிந்துகொள்ளவே இந்த மொழியில் ஆறு மாதம் ஆகும்.

மறுப்புக்கு வரலாறும் காரணம். 1995-இல் ஓம் ஷின்ரிக்யோ என்ற மதக் குழு டோக்கியோ சுரங்க ரயிலில் சரின் நச்சு வாயுவைப் பரப்பியது. 2022 ஜூலையில் முன்னாள் பிரதமர் ஷின்ஸோ அபே சுட்டுக் கொல்லப்பட்டார். தன் தாய் யூனிஃபிகேஷன் சபைக்குப் பெருந்தொகை கொடுத்துக் குடும்பம் அழிந்தது என்று சுட்டவர் சொன்னார். இந்த இரண்டுக்கும் மார்மன் பிள்ளைகளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் கதவைத் தட்டி மதம் பேசுகிறவர் யாராக இருந்தாலும் இங்கே மக்கள் ஓர் அடி பின்வாங்குகிறார்கள். அந்த அச்சத்தை நான் குறை சொல்லமாட்டேன். மார்மன் சபைக்கும் இங்கே வேர் பிடிக்க நாளாயிற்று. 1901 ஆகஸ்டில் யோகோஹாமாவில் வந்திறங்கிய முதல் நால்வரில் ஆல்மா டெய்லருக்கு 19 வயது. எட்டு ஆண்டுக்கு மேல் தங்கி, மார்மன் புத்தகம் என்ற சபையின் வேதநூலை ஜப்பானியத்தில் மொழிபெயர்த்தார், 1909-இல் அச்சாயிற்று. ஆனாலும் ஆட்கள் சேராததால் 1924-இல் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள், போருக்குப் பிறகு 1948-இல்தான் திரும்பினார்கள். இன்று சப்போரோவிலேயே 2016-இல் திறந்த ஆலயம் ஒன்று இருக்கிறது. அப்படியும், இரண்டு ஆண்டு முடித்துப் போகும் பையன் ஒருவன் தன்னால் ஞானஸ்நானம் பெற்றவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஒருவர்கூட இல்லாமல் திரும்பியவர்களையும் அறிவேன்.

இப்போது நான் முக்கியமென்று நினைப்பதைச் சொல்கிறேன். மறுப்பு அவர்களை அவ்வளவாக உடைப்பதில்லை. அதற்கு மனத்தைத் தயார் செய்துகொண்டு வருகிறார்கள். ஒரு வாரம் நல்ல வாரமா கெட்ட வாரமா என்பதைத் தீர்மானிப்பது கூட இருக்கும் துணை. இங்கே 'தோரியோ' என்பார்கள், உடன் வேலை செய்பவர் என்று பொருள். குளியலறையையும் தலைவரோடு தனியே பேசும் நேரத்தையும் தவிர, 24 மணி நேரமும் பார்வைக்கும் குரலுக்கும் எட்டும் தூரத்தில் இருவரும் இருக்க வேண்டும். உறங்குவதும் ஒரே அறையில். துணையை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்ற அறிவிப்பு வரும், அதுவரை அவர்தான். அமெரிக்காவில் ஐடஹோவின் பண்ணைப் பையனையும் ஒசாகாவின் அலுவலகக் குடும்பத்துப் பையனையும் ஒரே அறையில் போட்டு, ஒருவன் மொழி மற்றவனுக்குப் பாதி புரியாத நிலையில், இருவரும் சேர்ந்து அன்பைப் பற்றிப் போதியுங்கள் என்றால் எப்படி இருக்கும்? நாற்பது வயதில் எனக்கே அது முடியாது.

ஒரு பிப்ரவரியில் அப்படிப்பட்ட ஜோடி ஒன்று வகுப்புக்கு வந்துகொண்டிருந்தது. மேசையைத் தூக்கும்போது ஆளுக்கொரு முனையைப் பிடிப்பார்கள், ஒருவரையொருவர் பார்க்கமாட்டார்கள். இரண்டு வாரம் இப்படியே. பிறகு ஒருநாள் இரவு அமெரிக்கப் பையனிடமிருந்து போன். துணைக்குக் காய்ச்சல், இரண்டு நாளாக எதுவும் இறங்கவில்லை, கஞ்சி எப்படி வைப்பது என்று கேட்டான். ஒரு பங்கு அரிசிக்கு ஐந்து பங்கு தண்ணீர், அடுப்பைக் குறைத்து வை, கிளறிக்கொண்டே இருக்காதே, உப்பைக் கடைசியில் போடு, மேலே ஒரு உமெபோஷி ஊறுகாய் வை என்றேன். அரை மணி கழித்து மறுபடி அழைத்தான். அடிப்பிடித்துவிட்டது, மேலே இருப்பதை மட்டும் கொடுக்கலாமா என்றான். கொடு என்றேன். துணையை விட்டு வெளியே போகக்கூடாதென்பதால் அந்த மூன்று நாளும் அறைக்குள்ளேயே இருந்தான். அடுத்த வாரம் இருவரும் வந்தபோது மேசையைத் தூக்கியபடியே பேசிக்கொண்டிருந்தார்கள். வாரத்துக்கு ஒருநாள் எதிரெதிரே உட்கார்ந்து மனத்தில் இருப்பதைச் சொல்லிவிட வேண்டும் என்று அவர்கள் கையேட்டிலும் இருக்கிறது. அந்த ஏற்பாடு நல்லதுதான். ஆனால் இந்த இருவருக்குள் இருந்த இறுக்கத்தைக் கஞ்சிதான் கரைத்தது என்பது என் நம்பிக்கை.

சனிக்கிழமை வருவதாகச் சொன்னவர்களுக்கு நினைவூட்டுவதும், வயதான சபையினர் வீடுகளுக்குப் போவதுமாகக் கழியும். ஞாயிறு வழிபாடு 2019 முதல் மூன்று மணியிலிருந்து இரண்டு மணி நேரமாகக் குறைந்தது. அப்பமும் தண்ணீரும் பகிர்வார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு உபவாசம். ஒருமுறை அவர்கள் அழைத்து நானும் போயிருந்தேன். பாட்டு தொடங்கியும் ஒரு பையன் மட்டும் உள்ளே உட்காராமல் கண்ணாடிக் கதவருகே நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாரம் முழுக்கப் பேசி, வருகிறேன் என்று ஒரு கல்லூரி மாணவர் சொல்லியிருந்தாராம். இரண்டாம் பாட்டு முடியும்வரை நின்றான். பிறகு கோட்டில் இல்லாத தூசியைத் தட்டிவிட்டு உள்ளே வந்து துணையின் பக்கத்தில் உட்கார்ந்தான். அன்று மாலை வாரக் கணக்கு அனுப்ப வேண்டும்: புதிதாக எத்தனை பேரிடம் பேசினார்கள், எத்தனை பேர் வழிபாட்டுக்கு வந்தார்கள். அந்தக் கட்டத்தில் பூஜ்யம் போட்டிருப்பான்.

இதுவரை எழுதியது நான் கண்ணால் கண்டதும், அவர்கள் விதிகளில் உள்ளதும். இனிமேல் சொல்வதை என் கருத்தாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூளைச்சலவை என்ற சொல் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை. கதவு பூட்டியிருக்கவில்லை, திரும்பிப் போக வேண்டுமென்றால் போகலாம். ஆனால் கட்டாயமே இல்லை என்றும் சொல்லமாட்டேன். இளம் ஆண்களுக்கு ஊழியம் கடமை என்று சபை வெளிப்படையாகவே சொல்கிறது. பெண்களுக்கு அப்படி இல்லை, விரும்பினால் போகலாம். எல்லா வீட்டுப் பையன்களும் போகும் தெருவில் ஒருவன் மட்டும் போகாமல் இருப்பதும், நான்கு மாதத்தில் திரும்பி வருவதும் எளிதல்ல. அப்படித் திரும்பிய ஒருவனை அறிவேன். உறக்கமே வராமல் தவித்தான். கடைசி வகுப்பில் அவன் என்னிடம் கேட்டது, 'என் ஜப்பானிய மொழியாவது நன்றாக இருக்கிறதா?' என்பதுதான். நன்றாகவே இருந்தது.

கணக்கு எழுதும் பழக்கத்தின்மீதும் எனக்குக் குறை உண்டு. எண்ணிக்கையைத் துரத்தினால் என்ன ஆகும் என்பதை அந்தச் சபையே அனுபவித்திருக்கிறது. 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் டோக்கியோவில் அவசர அவசரமாக ஏராளமானோருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள், அவர்களில் மிகப் பலர் நிலைக்கவில்லை. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1980-களில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் புகழ்பெற்ற கென்ட் கில்பர்ட், கென்ட் டெரிகாட் இருவரும் இப்படி மிஷனரிகளாக வந்து மொழி கற்றவர்கள்தாம். என் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். நான் பழகியதில் பெண் மிஷனரிகள் குறைவு, வேறு நாட்டுக் கதையும் எனக்குக் கேள்வியறிவே. பிரேசிலிலோ பிலிப்பைன்ஸிலோ பாடம் கேட்க ஆட்கள் வரிசையாக வருவதால் வாரம் வேறு மாதிரி இருக்கும் என்று இடம் மாறி வந்தவர்கள் சொல்வார்கள்.

அந்த அம்மாவிடம் என்ன பேசுவது என்றால், எத்தனை பேரைச் சேர்த்தான் என்று மட்டும் கேட்காதீர்கள். இப்போது துணை யார், எந்த ஊர்க்காரர், இருவரில் சமைப்பது யார் என்று கேளுங்கள். பதில் நீளமாக வந்தால் பையன் நன்றாக இருக்கிறான். இரண்டு மூன்று வாரமாகத் துணையின் பெயரே பேச்சில் வரவில்லை என்றால், அடுத்த அழைப்பில் அதை மெதுவாக விசாரிக்கச் சொல்லுங்கள். இன்னொன்று. டிசம்பருக்குள் குளிர்காலக் காலணியை சப்போரோவிலேயே வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அங்கிருந்து கொண்டுவரும் தோல் காலணி இந்த ஊர்ப் பனிக்கட்டியில் நிற்காது, வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்ட இருவரை நானே மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருக்கிறேன். பார்சல் அனுப்புவதானால் கம்பளிக் காலுறை அனுப்பலாம். இரண்டு ஜோடியாக அனுப்பச் சொல்லுங்கள், ஒன்று துணைக்கு.